பல ப்ராஜெக்ட்டுகளுக்கு ஒரே பில்ட் மேக்ரோ: விஷுவல் ஸ்டூடியோவில் புதிதாகத் தொடங்குவோருக்கு

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளில் மாம்பழப் பருவம் முடியும்வரை எடைமேடைக்கு ஓய்வு கிடையாது. தோத்தாபுரி ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் வரிசையில் நிற்க, ஒவ்வொன்றுக்கும் மொத்த எடை, காலி எடை, நிகர எடை மூன்றையும் குறித்துச் சீட்டு அச்சிட்டுத் தரும் மென்பொருளை எழுதிப் பராமரிப்பதுதான் எங்கள் சிறிய அலுவலகத்தின் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் சி++ மொழியில் எழுதிய பழைய எடைமேடை மென்பொருள் ஒன்று எங்கள் பொறுப்புக்கு வந்தது. அதை முதன்முறையாக எங்கள் கணினியில் பில்ட் செய்தபோது, அதாவது மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றியபோது, கோப்பைத் திறக்க இயலவில்லை என்ற பிழைச்செய்தி திரை நிறைய வந்தது. எழுதியவருடைய கணினியின் டி டிரைவில் இருந்த ஒரு கோப்புறையின் முழுப்பாதை, மூன்று ப்ராஜெக்ட்டுகளில், ஒவ்வொன்றிலும் டீபக் (பிழை தேட), ரிலீஸ் (வெளியிட) என்ற இரண்டு அமைப்புகளில், ஹெடர் பாதையாகவும் லைப்ரரி பாதையாகவும் தனித்தனியாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. எங்கள் கணினியிலோ டி டிரைவே இல்லை.

அன்று எல்லாவற்றையும் கையால் மாற்றினோம். அடுத்த மாதம் இன்னொரு கணினி வாங்கியபோது மீண்டும் மாற்றினோம். மூன்றாம் முறை மாற்ற மனமில்லாமல்தான் பொது மேக்ரோக்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அந்த மூன்று ப்ராஜெக்ட்டுகளையே எடுத்துக்காட்டாக வைத்து, ஒரு மதிப்பை ஓரிடத்தில் மட்டும் எழுதி எல்லா ப்ராஜெக்ட்டுகளிலும் பயன்படுத்தும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். எடைக்கருவியிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எண்ணைப் படிக்கும் லைப்ரரிக்கு எடைபோர்ட் என்றும், இயக்குபவர் பார்க்கும் திரைக்கு எடைஸ்கிரீன் என்றும், நாள் முடிவில் கணக்கெடுக்கும் நிரலுக்கு எடைரிப்போர்ட் என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். பெயர்களை எல்லாம் ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். இது வெறும் வழக்கமன்று, கட்டாயமே: விஷுவல் ஸ்டூடியோவுக்கு அடியில் இயங்கும் பில்ட் கருவியான எம்எஸ்பில்ட், மேக்ரோவின் பெயரில் ஆஸ்கி எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் இடைக்கோட்டையும் மட்டுமே ஏற்கும், அதிலும் பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது.

எந்த மேக்ரோவைப் பற்றிப் பேசுகிறோம்?

பர்கூர், தருமபுரி பொறியியல் கல்லூரிகளில் படித்துவிட்டு வரும் இளைஞர்கள் மேக்ரோ என்றதும் சி மொழியின் #டிஃபைன் வரியைத்தான் நினைக்கிறார்கள். அது கம்பைலர் மூலநிரலைப் படிக்கும்போது நடக்கும் சொல்மாற்று. பில்ட் மேக்ரோ அதற்கும் முந்தைய கட்டத்தைச் சேர்ந்தது. எந்தக் கோப்புறையில் தேடுவது, வெளியீட்டை எங்கே வைப்பது, கம்பைலருக்கு என்ன கட்டளை கொடுப்பது என்பவற்றைப் பில்ட் கருவி முடிவு செய்யும்போது பயன்படும் பெயரிட்ட மதிப்பு அது. டாலர் குறியும் அடைப்புக்குறிகளும் இட்டு, $(சொல்யூஷன்டிர்), $(கான்ஃபிகரேஷன்), $(பிளாட்ஃபார்ம்) என்று எழுதுவோமே, அவைதான். எம்எஸ்பில்ட் இதையே ப்ராபர்ட்டி என்று அழைக்கிறது. மேக்ரோ என்பது சி++ பக்கத்து வழக்கு. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் உருவாக்கிய மேக் என்ற பில்ட் கருவியின் காலத்திலிருந்தே இத்தகைய பெயர்களை மேக்ரோ என்று சொல்லி வருகிறார்கள்.

விஷுவல் ஸ்டூடியோ 2010இல் சி++ ப்ராஜெக்ட்டுகள் எம்எஸ்பில்ட் முறைக்கு மாறின. இங்கே சொல்பவை அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்குப் பொருந்தும். அதற்கு முந்தைய ப்ராஜெக்ட் உங்கள் கையில் இருந்தால், முதலில் அதைப் புதிய வடிவத்துக்கு மாற்றிவிட்டு வாருங்கள்.

எவற்றை மேக்ரோ ஆக்குவது?

இந்தக் கேள்வியைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். கருவி கைக்கு வந்த புதிதில் எதைப் பார்த்தாலும் மேக்ரோ ஆக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நாற்பது மேக்ரோக்கள் கொண்ட ஒரு கோப்பை உருவாக்கி, பிறகு அவற்றில் எட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கினேன். ஒன்றுக்கு மேற்பட்ட ப்ராஜெக்ட்டுகளில் வருவதும், கணினிக்குக் கணினியோ பதிப்புக்குப் பதிப்போ மாறக்கூடியதும், பில்ட் நடக்கும்போதே தெரிந்தாக வேண்டியதுமான மதிப்புதான் மேக்ரோவுக்கு உரியது. எங்கள் எடுத்துக்காட்டில் அவை நான்கு: மூலக்கோப்புறையின் இடம், எடைக்கருவித் தயாரிப்பாளர் தந்த எஸ்டிகே (அக்கருவியோடு பேச உதவும் ஹெடர், லைப்ரரிக் கோப்புகள்) இருக்கும் இடம், வெளியீட்டுக் கோப்புறை, பதிப்பு எண்.

வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் மாறுவது இதில் சேராது. மேலே சொன்ன பழைய மென்பொருள் எங்களிடம் வந்தபோது, 2004 பிப்ரவரியிலேயே கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகிவிட்டிருந்தும், அதன் எடைச்சீட்டு சரியாகவும் நாளறிக்கை மட்டும் ‘தருமபுரி மாவட்டம்’ என்ற முகவரியுடனும் அச்சாகிக்கொண்டிருந்தது. முகவரி இரண்டு ப்ராஜெக்ட்டுகளில் தனித்தனியாக எழுதப்பட்டிருந்ததும், யாரோ ஒன்றை மட்டும் திருத்திவிட்டு மற்றதை மறந்ததும்தான் காரணம். இதையும் பில்ட் மேக்ரோவாக்கலாமே என்று எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் சொன்னார். ஆலையின் பெயரும் முகவரியும் மாறும்போதெல்லாம் மென்பொருளை மறுபடியும் பில்ட் செய்ய வேண்டியிருந்தால் அது வீண்வேலை. அத்தகையவை நிரல் இயங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பில் இருக்க வேண்டும். அங்கேயே வைத்தோம்.

முதற்படி: ப்ராபர்ட்டி ஷீட்டை உருவாக்குதல்

பொது மேக்ரோக்கள் குடியிருக்கும் கோப்புக்கு ப்ராபர்ட்டி ஷீட் என்று பெயர். ப்ராப்ஸ் என்ற பின்னொட்டுடன் முடியும் எக்ஸ்எம்எல் கோப்பு அது. சொல்யூஷனை, அதாவது ப்ராஜெக்ட்டுகளை ஒன்றாகத் தொகுக்கும் கோப்பை, திறந்துகொண்டு, வியூ மெனுவில் அதர் விண்டோஸ் என்பதற்குள் உள்ள ப்ராபர்ட்டி மேனேஜரைத் திறக்க வேண்டும். வழக்கமாக நாம் பார்க்கும் சொல்யூஷன் எக்ஸ்ப்ளோரரைப் போலவே தோன்றினாலும், இங்கே ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் கீழே கோப்புகளுக்குப் பதிலாக டீபக், ரிலீஸ் முதலிய அமைப்புகள் பிளாட்ஃபார்ம் (32 பிட், 64 பிட் போன்ற இலக்கு) வாரியாகக் கிளைவிட்டிருப்பதையும், ஒவ்வொரு கிளையிலும் ஏற்கெனவே சில ஷீட்டுகள் தொங்குவதையும் காணலாம்.

எடைபோர்ட் ப்ராஜெக்ட்டின் பெயர்மீது வலச்சொடுக்கு செய்து, ஆட் நியூ ப்ராஜெக்ட் ப்ராபர்ட்டி ஷீட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கிளையின்மீது சொடுக்கினால் அந்த அமைப்புக்கு மட்டுமே ஷீட் சேரும். ப்ராஜெக்ட்டின் பெயர்மீது சொடுக்கினால் எல்லா அமைப்புகளுக்கும் சேரும். டீபக்கில் சரியாக இருந்த பில்ட் ரிலீஸில் உடைகிறதென்றால், பத்தில் எட்டு முறை இந்த இடத்தில் டீபக் கிளையை மட்டும் சொடுக்கியதுதான் காரணமாக இருக்கும். ஷீட்டுக்கு எடை.ப்ராப்ஸ் என்று பெயரிட்டு, சேமிக்கும் இடத்தைக் கட்டாயம் மாற்ற வேண்டும்: விஷுவல் ஸ்டூடியோ அந்த ஒரு ப்ராஜெக்ட்டின் கோப்புறையையே முன்மொழியும், நமக்கு வேண்டியதோ மூன்று ப்ராஜெக்ட்டுகளுக்கும் மேலே, சொல்யூஷன் கோப்பு இருக்கும் மூலக்கோப்புறை.

மைக்ரோசாஃப்ட்.சிபிபி என்று தொடங்கி யூசர் என்று முடியும் ஷீட் ஒன்று சில ப்ராஜெக்ட்டுகளில் முன்பே இருப்பதைக் கண்டு, அதிலேயே மேக்ரோக்களைச் சேர்த்துவிட்டால் எல்லா ப்ராஜெக்ட்டுகளுக்கும் தானாகப் போய்விடுமே என்று தோன்றலாம். போகும், ஆனால் உங்கள் கணினியில் மட்டும். அந்தக் கோப்பு உங்கள் விண்டோஸ் பயனர் கணக்கின் கோப்புறைக்குள் இருப்பதால் நிரலின் மாற்றங்களைப் பதிந்து பகிரும் கிட் களஞ்சியத்துக்குள் வராது. உங்களிடம் ஓடும் பில்ட் பக்கத்து மேசையில் ஓடாது. நீங்கள் திறக்கும் தொடர்பில்லாத வேறு ப்ராஜெக்ட்டுகளையும் அது தொடும். நாம் எந்த நோயைத் தீர்க்க வந்தோமோ அதையே வேறு பெயரில் வளர்ப்பது போன்றது அது.

இரண்டாம் படி: மேக்ரோக்களை வரையறுத்தல்

ப்ராபர்ட்டி மேனேஜரில் எடை என்ற ஷீட்டை இருமுறை சொடுக்கினால் அதன் அமைப்புப் பக்கங்கள் திறக்கும். காமன் ப்ராபர்ட்டீஸ் என்பதன் கீழ் யூசர் மேக்ரோஸ் என்றொரு பக்கம் இருக்கிறது. அங்கே ஆட் மேக்ரோ பொத்தானை அழுத்திப் பெயரையும் மதிப்பையும் கொடுக்க வேண்டும். எங்கள் நான்கு மேக்ரோக்கள் இவை:

எடைரூட் = $(எம்எஸ்பில்ட்திஸ்ஃபைல்டைரக்டரி)
எடைஎஸ்டிகே = $(எடைரூட்)எஸ்டிகே\
எடைஅவுட் = $(எடைரூட்)அவுட்\$(பிளாட்ஃபார்ம்)\$(கான்ஃபிகரேஷன்)\
எடைவெர்ஷன் = 3

முதல் வரிதான் இவ்வமைப்பு முழுமைக்கும் அச்சாணி. எம்எஸ்பில்ட்திஸ்ஃபைல்டைரக்டரி என்பது எம்எஸ்பில்ட் தானே தரும் மதிப்பு. இந்த வரி எழுதப்பட்டுள்ள கோப்பு, அதாவது நமது எடை.ப்ராப்ஸ், எந்தக் கோப்புறையில் இருக்கிறதோ அதன் முழுப்பாதையை அது குறிக்கும். எனவே களஞ்சியத்தை டி டிரைவில் இறக்கினாலும், பென்டிரைவில் எடுத்துப்போய் ஓசூரில் உள்ள வாடிக்கையாளரின் கணினியில் வைத்தாலும், எடைரூட் அந்தந்த இடத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். பலரும் இதற்கு $(சொல்யூஷன்டிர்) என்பதைப் பயன்படுத்துகிறார்கள்; விஷுவல் ஸ்டூடியோவுக்குள் சொல்யூஷனைத் திறந்து வேலை செய்யும்வரை அதுவும் சரியாகவே நடக்கும். ஆனால் கட்டளை வரியிலிருந்து ஒரு ப்ராஜெக்ட்டை மட்டும் பில்ட் செய்யும்போதோ, அதே ப்ராஜெக்ட்டை வேறொரு சொல்யூஷனில் சேர்க்கும்போதோ அதன் மதிப்பு மாறிவிடும். ப்ராஜெக்ட் எந்தச் சொல்யூஷனுக்குள் திறக்கப்பட்டாலும் ஷீட் இருக்கும் இடம் மாறாது என்பதால் நான் எப்போதும் முதலாவதையே நம்புகிறேன்.

அந்த மதிப்பின் இறுதியில் பின்சாய்கோடு ஏற்கெனவே இருக்கும். ஆகவேதான் எடைரூட்டுக்கும் எஸ்டிகேக்கும் இடையில் இன்னொரு சாய்கோடு போடவில்லை. நாம் வரையறுக்கும் கோப்புறை மேக்ரோக்களையும் சாய்கோட்டிலேயே முடிக்கும் வழக்கத்தை முதல் நாளே பழகிக்கொண்டால், பயன்படுத்தும் இடத்தில் சாய்கோடு வேண்டுமா வேண்டாமா என்ற ஐயம் பிறகு எழாது.

வரிசையும் முக்கியம். எம்எஸ்பில்ட் கோப்பை மேலிருந்து கீழாகப் படித்து, ஒவ்வொரு வரியையும் படிக்கும் கணத்திலேயே அதன் மதிப்பை முடிவு செய்துவிடும். எடைஎஸ்டிகே வரி எடைரூட்டுக்கு மேலே இருந்தால், அந்தக் கணத்தில் எடைரூட் வெறுமையாக இருக்கும். பின்னால் அது நிரம்பினாலும் எடைஎஸ்டிகே திருந்தாது. மேக் கருவியில் பழகியவர்கள் இங்கேதான் இடறுவார்கள், ஏனெனில் அங்கே சாதாரண சமக்குறியிட்டு எழுதிய மேக்ரோ பயன்படுத்தும் நேரத்தில்தான் விரியும். இதே காரணத்தால் $(டார்கெட்பாத்) போன்று பில்ட் விதிகளின் பிற்பகுதியில் முடிவாகும் மதிப்புகளை நமது மேக்ரோக்களின் வரையறையில் பயன்படுத்தக் கூடாது. $(பிளாட்ஃபார்ம்), $(கான்ஃபிகரேஷன்) இரண்டும் முன்பே தெரிந்தவை என்பதால் அச்சமில்லை.

மேக்ரோவைச் சேர்க்கும் சிறு சாளரத்தில், இதைப் பில்ட் சூழலில் என்விரான்மென்ட் வேரியபிளாகவும் (இயங்கும் நிரல்கள் படிக்கக்கூடிய பெயரிட்ட மதிப்பாகவும்) அமைக்கவா என்று கேட்கும் ஒரு பெட்டி உண்டு. பில்டுக்கு முன்னோ பின்னோ இயங்கும் பேட்ச் கோப்பு ஒன்று அந்த மதிப்பைத் தானே எடுத்துப் படிக்க வேண்டியிருந்தால் மட்டும் அதைத் தேர்வு செய்யுங்கள். மற்றபடி தேவையில்லை.

பெயர் வைப்பதில் ஓர் எச்சரிக்கை. விண்டோஸில் உள்ள என்விரான்மென்ட் வேரியபிள்கள் அனைத்தும் எம்எஸ்பில்டுக்குள் தாமாகவே மேக்ரோக்களாக வந்துவிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டையும் அது பார்ப்பதில்லை. சில மடிக்கணினிகள் கடையிலிருந்து வரும்போதே பிளாட்ஃபார்ம் என்ற பெயரில் ஒரு வேரியபிளுடன் வந்து, கட்டளை வரி பில்டுகளைக் குழப்பியதுண்டு. வெர்ஷன், ரூட், அவுட் போன்ற பொதுப்பெயர்களை வைக்காமல், எல்லாவற்றுக்கும் எடை என்ற முன்னொட்டைச் சேர்த்தது அதனால்தான்.

முடித்ததும் ஷீட்டைச் சேமிக்க வேண்டும். நிரல் திருத்தியில் கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் திறந்திருக்கும் நிரல்கோப்புதான் சேமிக்கப்படும். ப்ராபர்ட்டி மேனேஜரில் ஷீட்டைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள சேமிப்புப் பொத்தானை அழுத்துங்கள்.

மூன்றாம் படி: மற்ற ப்ராஜெக்ட்டுகளில் இணைத்தல்

எடைஸ்கிரீன், எடைரிப்போர்ட் இரண்டின் பெயர்மீதும் ஒவ்வொன்றாக வலச்சொடுக்கு செய்து, ஆட் எக்ஸிஸ்டிங் ப்ராபர்ட்டி ஷீட் வழியாக அதே எடை.ப்ராப்ஸ் கோப்பைக் காட்டினால் போதும். நகல் எதுவும் எடுக்கப்படுவதில்லை. ப்ராஜெக்ட் கோப்பில் ‘மேலே ஒரு கோப்புறை சென்று இந்தக் கோப்பைப் படி’ என்ற சார்புப்பாதை வரி மட்டுமே சேரும். ஷீட் வேறொரு டிரைவில் இருந்தால் சார்புப்பாதை எழுத வழியில்லாமல் முழுப்பாதை எழுதப்பட்டுவிடும். ஷீட்டைக் களஞ்சியத்துக்குள்ளேயே வைக்க இது இன்னொரு காரணம்.

நான்காம் படி: பழைய பாதைகளை அகற்றி மேக்ரோக்களை இடுதல்

பொறுமை தேவைப்படும் வேலை இதுதான். மேக்ரோவை வரையறுத்ததால் மட்டும் எதுவும் மாறிவிடாது. ஹெடர் பாதைகளுக்கு சி++ பக்கத்தில் ஜெனரல் என்பதன் கீழ் உள்ள அடிஷனல் இன்க்ளூட் டைரக்டரீஸ், லைப்ரரி பாதைகளுக்கு லிங்கர் பக்கத்தில் அதேபோல் உள்ள அடிஷனல் லைப்ரரி டைரக்டரீஸ், வெளியீட்டுக்கு ஜெனரல் பக்கத்தின் அவுட்புட் டைரக்டரி ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். இவற்றை மூன்று ப்ராஜெக்ட்டுகளிலும் தனித்தனியாக நிரப்புவதைவிட, எடை ஷீட்டின் பக்கங்களிலேயே நிரப்பிவிடுவது நல்லது: இன்க்ளூட் பாதையில் $(எடைஎஸ்டிகே)இன்க்ளூட், லைப்ரரி பாதையில் $(எடைஎஸ்டிகே)லிப்\$(பிளாட்ஃபார்ம்), அவுட்புட் டைரக்டரியில் $(எடைஅவுட்). ஷீட்டை இணைத்த ப்ராஜெக்ட்டுகள் மதிப்பை மட்டுமன்றி இந்த அமைப்புகளையும் பெற்றுக்கொள்ளும்.

பட்டியலாக இருக்கும் அமைப்புகளைத் திருத்தும் சாளரத்தின் அடியில், பெற்றோர் அல்லது ப்ராஜெக்ட் இயல்புநிலையிலிருந்து பெறுக என்ற பொருள்படும் பெட்டி ஒன்று உண்டு, அதை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால், நீங்கள் எழுதியது முன்பிருந்த பட்டியலோடு சேராமல் அதற்குப் பதிலாக அமர்ந்துவிடும்.

இவ்வளவு செய்தும் ஒரு ப்ராஜெக்ட் மட்டும் பழைய பாதையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ப்ராஜெக்ட் கோப்பில் நேரடியாக எழுதப்பட்டது ஷீட்டில் உள்ளதை வென்றுவிடும் என்பதே அதற்குக் காரணம். ப்ராஜெக்ட்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் அப்படி நேரடியாக எழுதப்பட்ட மதிப்புகள் தடித்த எழுத்தில் தெரியும். அந்த மதிப்பின் கீழ்விரி பட்டியலில் இன்ஹெரிட் என்று தொடங்கும் தெரிவைக் கொடுத்தால் தடிப்பு மறைந்து ஷீட்டின் மதிப்பு மேலே வரும். மேலே உள்ள அமைப்புத் தெரிவில் ஆல் கான்ஃபிகரேஷன்ஸ், ஆல் பிளாட்ஃபார்ம்ஸ் இரண்டையும் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். பழைய ப்ராஜெக்ட் கோப்பை நிரல் திருத்தியில் திறந்து ‘டி:\’ என்று தேடிப் பார்ப்பதும் கைகொடுக்கும். எங்களுக்கு அப்படித்தான் ஒரு போஸ்ட் பில்ட் கட்டளைக்குள் ஒளிந்திருந்த பாதை அகப்பட்டது.

பதிப்பு எண் மூலநிரலுக்கே தெரிய வேண்டியதாகையால், சி++ பக்கத்தில் ப்ரீப்ராசெஸர் டெஃபினிஷன்ஸ் பட்டியலில் எடை_வெர்ஷன்=$(எடைவெர்ஷன்) என்று சேர்த்தோம். பில்ட் மேக்ரோவின் மதிப்பு இந்த வாசல் வழியாகத்தான் #டிஃபைன் உலகத்துக்குள் நுழைகிறது.

ஐந்தாம் படி: மேக்ரோவின் மதிப்பைச் சரிபார்த்தல்

இல்லாத மேக்ரோவின் பெயரை எழுதினால் எம்எஸ்பில்ட் பிழை எதுவும் காட்டாது; அந்த இடத்தை வெறுமையாக்கிவிட்டு அமைதியாக மேலே போகும். எடைஎஸ்டிகே என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டால் கம்பைலருக்கு வெறும் ‘இன்க்ளூட்’ என்ற பாதைதான் போய்ச் சேரும், கிடைக்கும் பிழைச்செய்தியோ ஏதோ ஒரு ஹெடரைக் காணவில்லை என்பதாக இருக்கும். ஆகவே மேக்ரோவின் மதிப்பைக் கண்ணால் பார்க்கும் வழி தெரிந்திருக்க வேண்டும்.

எளிய வழி: எந்தப் பாதை அமைப்பிலும் எடிட் என்பதைத் தேர்ந்தெடுத்து, வரும் சாளரத்தில் மேக்ரோஸ் பொத்தானை அழுத்தினால் மேக்ரோக்களின் பட்டியல் அவற்றின் தற்போதைய மதிப்புகளுடன் விரியும். இன்னொன்று, பில்ட் ஈவென்ட்ஸ் பக்கத்தில் ப்ரீ பில்ட் கட்டளையாக எக்கோ $(எடைரூட்) என்று எழுதி, பில்ட் செய்து, அவுட்புட் சாளரத்தில் பார்ப்பது. எம்எஸ்பில்ட் 17.8 முதல், கட்டளை வரியில் ப்ராஜெக்ட்டின் பெயருடன் கெட்ப்ராபர்ட்டி என்ற தெரிவைக் கொடுத்தால் பில்ட் செய்யாமலேயே மதிப்பை மட்டும் அச்சிடும். சிக்கல் முற்றிப்போன வேளையில், பிபி என்ற தெரிவு எல்லா ஷீட்டுகளையும் ஒன்றாக விரித்து ஒரே நீண்ட கோப்பாகத் தரும். எந்த வரி எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். பிஎல் என்ற தெரிவு தரும் பைனரி லாகும் மிகப் பயனுள்ளது, ஆனால் அதனுள் உங்கள் என்விரான்மென்ட் வேரியபிள்களும் பதிவாகியிருக்கக்கூடும் என்பதால், கடவுச்சொல் எதையும் அங்கே வைத்திருப்பவர் அந்தக் கோப்பைப் பொதுவில் பகிரக் கூடாது.

கணினிக்குக் கணினி மாறுபவை

எங்கள் அலுவலகத்தில் எஸ்டிகே களஞ்சியத்துக்குள் இருக்கிறது. அதன் அளவோ உரிமமோ அதற்கு இடந்தராத நிலையில், ஒவ்வொருவர் கணினியிலும் அது வெவ்வேறு இடத்தில் இருக்கும். அப்போது பொது ஷீட்டில் ஒருவருடைய பாதையை எழுதி கமிட் செய்தால் (களஞ்சியத்தில் பதிந்தால்), அடுத்தவர் அதைத் தன் பாதையாக மாற்றி கமிட் செய்வார். கயிறிழுக்கும் போட்டி போல அது நாள்தோறும் நடக்கும்.

இதற்கு எடை.லோக்கல்.ப்ராப்ஸ் என்ற இரண்டாவது கோப்பை வைத்துக்கொள்ளலாம். அதன் பெயரை, கிட் கவனிக்காமல் விட வேண்டியவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோர் கோப்பில் சேர்த்துவிட வேண்டும், அவரவர் பாதை அவரவரிடமே இருக்கட்டும். பொது ஷீட்டை நிரல் திருத்தியில் திறந்து, தொடக்கத்தில் இந்த லோக்கல் கோப்பைப் படிக்கும் இம்போர்ட் வரியை, எக்ஸிஸ்ட்ஸ் என்ற நிபந்தனையுடன், அதாவது கோப்பு இருந்தால் மட்டும் படி என்று எழுதுங்கள். அதற்குக் கீழே எடைஎஸ்டிகே வரியில், அதன் மதிப்பு இன்னும் வெறுமையாக இருந்தால் மட்டும் இயல்பு மதிப்பைக் கொடு என்ற கண்டிஷனைச் சேருங்கள். இதனால் இன்னொரு நன்மையும் கிடைக்கும்: என்விரான்மென்ட் வேரியபிளாக எடைஎஸ்டிகே முன்பே இருந்தாலும் அந்த நிபந்தனை அதை மதித்து விலகிக்கொள்ளும். விஷுவல் ஸ்டூடியோ திறந்திருக்கும்போது வேரியபிளை மாற்றினால் அதற்குத் தெரியாது, மூடித் திறக்க வேண்டும். இப்படிக் கையால் நிபந்தனை எழுதிய ஷீட்டைப் பிறகு அமைப்புப் பக்கங்கள் வழியாகத் திருத்தாமல் கையாலேயே திருத்தி வருவது நல்லது.

கட்டளை வரியில் பி என்ற தெரிவு மூலம் கொடுக்கும் மதிப்பு இவை எல்லாவற்றையும் வெல்லும். மேற்கோள்குறிக்குள் பாதையைக் கொடுத்து அதைப் பின்சாய்கோட்டில் முடித்தால், அந்தச் சாய்கோடு மேற்கோள்குறியை விழுங்கி அடுத்த தெரிவையும் பாதையோடு சேர்த்துவிடும். அங்கே மட்டும் இறுதிச் சாய்கோட்டை இரண்டு முறை எழுதுங்கள்.

ஷீட் இணைக்காமலே பகிரும் வழி

ப்ராஜெக்ட்டுகள் மூன்றல்ல, முப்பது என்றால் ஒவ்வொன்றிலும் ஷீட்டை இணைப்பதும், புதிதாக ஒன்றைத் தொடங்குபவர் இணைக்க மறப்பதும் தொல்லை. விஷுவல் ஸ்டூடியோ 2017உடன் வந்த எம்எஸ்பில்ட் 15 முதல், டைரக்டரி.பில்ட்.ப்ராப்ஸ் என்ற இதே பெயரில் ஒரு கோப்பை மூலக்கோப்புறையில் வைத்தால், அதன் கீழுள்ள எல்லா ப்ராஜெக்ட்டுகளும் அதைத் தாமாகவே படித்துக்கொள்ளும். சி++ மட்டுமன்றி சி ஷார்ப் ப்ராஜெக்ட்டுகளும் படிக்கும். நாளறிக்கையை நாங்கள் சி ஷார்ப்பில் மாற்றி எழுதியபோது, பதிப்பு எண்ணை அதற்கும் பொதுவாக்க இதுவே வழியாயிற்று. மேலே சொன்ன நான்கு வரிகளையும் ப்ராபர்ட்டிகுரூப் என்ற குறிக்குள் அப்படியே எழுதலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். எம்எஸ்பில்ட் ப்ராஜெக்ட்டின் கோப்புறையில் தொடங்கி மேல்நோக்கித் தேடிக்கொண்டே சென்று, இந்தப் பெயரில் முதலில் கிடைக்கும் கோப்போடு நின்றுவிடும். இடையில் ஒரு கோப்புறையில் யாரேனும் இன்னொரு டைரக்டரி.பில்ட்.ப்ராப்ஸ் வைத்தால், மேலே இருப்பது ஓசையில்லாமல் செயலிழந்துவிடும். இரண்டும் வேண்டுமானால் உள்ளிருப்பதில் மேலிருப்பதை இம்போர்ட் செய்யும் வரியை நாமே எழுத வேண்டும். சி++ ப்ராஜெக்ட்டுகள் மட்டும் சிலவே இருக்கும் இடத்தில் நான் இன்னமும் ப்ராபர்ட்டி ஷீட்டையே விரும்புகிறேன், ஏனெனில் எது எதில் இணைந்திருக்கிறது என்பதைப் புதியவர்கள் ப்ராபர்ட்டி மேனேஜரில் கண்ணால் காணலாம்.

வெற்று மேக்ரோ அமைதியாகக் கடந்துபோவதைத் தடுக்க, இதன் துணைக்கோப்பான டைரக்டரி.பில்ட்.டார்கெட்ஸ் என்பதில் ப்ரிப்பேர்ஃபார்பில்ட் படிக்கு முன் இயங்கும் சிறிய டார்கெட் (பில்டின் ஒரு படி) ஒன்றை எழுதி, $(எடைஎஸ்டிகே) குறிக்கும் கோப்புறை இல்லையென்றால் எரர் கட்டளை மூலம் பில்டை நிறுத்தலாம். பிழைச்செய்தியில் எந்தக் கோப்பில் எந்த வரியை நிரப்ப வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். எங்களுடைய செய்தி, ‘எடை.லோக்கல்.ப்ராப்ஸ் கோப்பில் எடைஎஸ்டிகே பாதையைக் கொடுக்கவும்’ என்பது.

கடைசியாக, வேலை முடிந்ததா என்பதை உங்கள் கணினியில் சோதிக்காதீர்கள். அங்கே பழைய அவுட் கோப்புறையும் மறந்துபோன வேரியபிள்களும் குறையை மறைத்துவிடும். எடை.ப்ராப்ஸ், ப்ராஜெக்ட் கோப்புகள் எல்லாவற்றையும் கமிட் செய்துவிட்டு, இன்னொருவர் கணினியில், பெயரில் இடைவெளி உள்ள ஒரு கோப்புறையில் களஞ்சியத்தைப் புதிதாக இறக்கி, டீபக், ரிலீஸ் இரண்டையும் ரீபில்ட் செய்து பாருங்கள். இடைவெளி வேண்டுமென்றே: ப்ரீ பில்ட், போஸ்ட் பில்ட் கட்டளைகளில் $(எடைஅவுட்) முதலியவற்றை மேற்கோள்குறிக்குள் எழுத மறந்த இடங்கள் அப்போதுதான் வெளிப்படும்.